திரையில் ஒரு தையல்

ஹியுமா தீவின் ஊர்க்கூடத்தில்
நாற்பத்தாறு வருடமாய்ப் படம் காட்டுகிறேன்.
திரை, ஒரு பழைய படகின் பாய்.
நடுவே ஒரு கிழிசல்.
லெய்டா கறுப்பு நூலால் தைத்தாள்.
கடையில் அன்று வெள்ளை நூல் இல்லை,
அவ்வளவுதான் காரணம்.

எந்தப் பேருண்மை கடல் தாண்டி வந்தாலும்
அந்தத் தையல்மேல்தான் விழ வேண்டும்.

முதலில் வந்தவர் படிக்கட்டு கொண்டுவந்தார்.
ஐந்து படி.
மனிதகுலம் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தது.
நாலாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவே
பூரான் மாதிரி ஊர்ந்தது தையல்.
"அது என்ன?" என்றார் கோபமாய்.
"துணி, தோழரே" என்றேன்.

பிறகு சில வருடம் யாருமே வரவில்லை.
கூடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கினார்கள்.

அடுத்தவருக்குப் படிக்கட்டென்றாலே ஆகாது.
அவரிடம் இரண்டு கோடுகள்,
ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்
போர், கல்யாணம், பிரார்த்தனை
எல்லாவற்றுக்கும் ஒரு விலை.
மூன்றாவது கோடு எதைக் குறிக்கிறது என்று
பின்வரிசைப் பையன் கேட்டான்.
அது லெய்டாவுடையது.

போன மாதம் வந்தவர் இளைஞர், நல்ல பிள்ளை.
குரங்கு, கோதுமை, பனியுகம், மரபணு.
எழுபதாயிரம் வருடத்தை
ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டு
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

ஹில்யா எழுந்தாள்.
மூவரிடமும் அவள் கேட்டது ஒரே கேள்வி:
"பசிக் குளிர்காலத்தில், தன் படகைக் கொளுத்திய
ஆர்வெட்டின் வாசலில்
அரை மூட்டை பார்லி வைத்துவிட்டு வந்தான்
எங்கள் ஊர் எண்டெல். ஏன்?"

உழைப்பவர் ஒற்றுமை என்றார் முதலாமவர்.
நற்பெயரும் முதலீடுதான் என்றார் அடுத்தவர்.
கூட்டம் பிழைக்க ரத்தம் கண்ட தந்திரம் என்றார் இவர்.

"சரி. பனி உருகியதும் அதே எண்டெல்
அதே ஆர்வெட்டின் துடுப்பை
முழங்காலில் வைத்து ஒடித்தானே, அது?"

அதற்கும் பதில் இருந்தது, மூவரிடமும்.
அதே பதில்தான்,
உள்புறம் வெளியே திருப்பிய கையுறைபோல.

எண்டெல் மூன்று முறையும் கூடத்தில்தான் இருந்தார்,
கணப்படுப்புப் பக்கம், கடைசி நாற்காலியில்.
யாரும் அவர் பக்கம் திரும்பியதில்லை.
இந்தப் பிள்ளைதான் இறங்கிப் போனான்;
தொண்ணூறைத் தாண்டிய காதருகே குனிந்து கேட்டான்,
"ஏன், ஐயா?"

வெகுநேரம் கழித்து எண்டெல் சொன்னார்:
"அரை மூட்டை இல்லை.
காலுக்குக் கொஞ்சம் கூட.
மூட்டையில் ஓட்டை, வழியெல்லாம் சிந்திவிட்டது."
"ஆனால் ஏன்..."
"வாசலும் இல்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம்."
தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சிரிக்கத் தோன்றியது எனக்கு.
சிரிக்க யோக்கியதை உண்டா?
என்னிடமும் ஒரு தத்துவம் இருந்தது:
சொற்பொழிவுக்கு யாரும் வருவதில்லை,
வருவது கணப்புக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும்.
ஒரு ஜனவரியில் அடுப்பு வெடித்து
ரொட்டிக்காரி காய்ச்சலில் கிடந்த இரவில்
முப்பத்தொரு பேர் வந்தார்கள்.
இரண்டு முறை எண்ணினேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் பிள்ளை கடிதம் போட்டான்,
புதுத் திரைக்குப் பணம் அனுப்புகிறானாம்.
கூட்டம் போட்டோம்.
வேண்டும் என்று முதலில் கை தூக்கியவள் லெய்டா.
வேண்டாம் என்று தூக்கியது நான் ஒருவன்தான்.

ஏன் என்றார்கள்.
வாயெடுத்தேன்.
மூன்று காரணங்கள் வந்து நின்றன,
மூன்றும் அழகாய் இருந்தன.
ஒன்றைக்கூட நான் நம்பவில்லை.